கேட்கப் போகிறவள்

ஐந்து மாதத்துக்கு முன்னால் தைக்காட்டு மின்சாரச் சுடுகாட்டில் சாம்பலாகிப் போன விஜயம், புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் இருநூற்றுப் பதினான்கு தடவை ஆபீசுக்கு வந்து போயிருந்தாள்.

செண்பகவல்லி திரையில் இருந்த வரிகளை மேலே உருட்டினாள், கீழே உருட்டினாள், கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் உருட்டினாள். ராத்திரி 8.51க்கு விஜயம், அடுத்த வரியில் ஷிஜா. 8.52க்கு விஜயம், அடுத்த வரியில் ரத்னாபாய். யார் லாகின் செய்து உள்ளே வந்தாலும் அவர்களுக்கு அரை வினாடி முன்னால் விஜயம் வந்திருந்தாள், கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கிறவள் மாதிரி.

அந்தப் பயம் ஒரு வாய்க் காப்பி தொண்டையில் இறங்குகிற நேரம்தான் இருந்தது. காரணம் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயம் எழுந்து போக, காலியான இடத்தில் பழைய குடித்தனக்காரி வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். அவள் பெயர் பொறாமை.

பழவங்காடி கணபதி கோயிலுக்கு எதிரே, ஒரு ஜவுளிக்கடையின் தலைமேல் மூன்றாவது மாடியில் இருந்த அந்தக் கம்பெனியில் நூற்றிருபது பேர். அமெரிக்க டாக்டர்கள் வாயால் சொல்லி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் காதில் மாட்டிக் கேட்டு, கம்பெனியின் வெப்சைட்டுக்குள் போய் டைப் அடிக்கிற வேலை. அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி; அதனால் ஷிஃப்ட் சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கும். உள்ளே போக லாகின் வேண்டும். ஆனால் வெப் சர்வருக்கு யாரையும் தெரியாது. சாலைக் கடைத்தெருவில் புது ஆளைக் கடையில் நிறுத்தினால் என்ன செய்வான்? வந்து நிற்கிற ஆள் யோக்கியமானவர்தானா என்று அடுத்த கடை அண்ணாச்சியிடம் ஆள் விட்டுக் கேட்பான். அதேதான். நூற்றிருபது பேரின் பெயரும் பாஸ்வேர்டும் கழக்கூட்டத்தில் இருக்கும் இன்னொரு ஆபீசின் டைரக்டரியில் இருந்தன. ஒவ்வொரு லாகினுக்கும் சர்வர் அங்கே போய், இப்படி ஒருத்தர் வந்திருக்கிறார், விடலாமா என்று கேட்கும். அந்த டைரக்டரியோ கண்டவர் கேட்டால் வாய் திறக்காது. கேட்கப் போகிறவரே முதலில் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டும். சர்வரின் அமைப்பு ஃபைலில் அதற்கென்று இரண்டு வரி உண்டு. முறைப்படி அதில் மனிதப் பெயர் கூடாது; வெறும் பொம்மைப் பெயர் ஒன்றை உண்டாக்கிப் போடுவார்கள்.

விஜயம் தன் பெயரைப் போட்டிருந்தாள்.

ஆக, அவள் செத்தும் ஐந்து மாதமாக இந்த ஆபீசில் ஒவ்வொருவரும் அவள் பெயரைச் சொல்லித்தான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். செண்பகவல்லி உட்பட.

உயிரோடு இருந்தபோது மூன்று வருஷம் பக்கத்து மேஜையில் விஜயத்தைப் பார்த்தவள் அவள். பார்த்தவள் என்றால், ஓரக்கண்ணால். அந்த அம்மாள் உட்கார்ந்து யாரும் கண்டதில்லை. எப்போது பார்த்தாலும் நின்றுகொண்டே இருப்பாள், வீங்கின காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டு. கூப்பிட்ட குரலுக்கு வருவாள். அதற்காகவே ஆபீஸ் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. போய்ச் சேர்ந்த பிறகும் இறக்கி வைக்கவில்லை. செண்பகவல்லி ஐந்து மாதமாக அவள் இடத்தில் தற்காலிக சிஸ்டம்ஸ் ஹெட். பதவியில் தற்காலிகம் என்ற சொல் செருப்பில் மாட்டிய முள் மாதிரி. நடக்கலாம், ஆனால் ஒவ்வொரு அடியிலும் ஞாபகப்படுத்தும்.

"நாளைக்கு ஹர்த்தாலாக்கும்," என்று வெங்கடகிருஷ்ணன் அன்றைக்குச் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். மேனேஜர், கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீடு, கேரளத்தில் நாலு தலைமுறை. "பகல்ல ஈ காக்கா வராது. புது சர்வரை ஏத்திடுங்கோ செண்பகம். சாயங்காலம் எல்லாரும் சுகமா உள்ள போயிட்டா, சனிக்கிழமை உங்க பெர்மனன்ட் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

"போகலேன்னா சார்?"

"கழக்கூட்டத்துலேருந்து கௌசிக்கை வரச் சொல்ல வேண்டியதுதான்." அவர் பேனா மூடியைத் திருகினார். "விஜயம் இருந்தா நான் இதெல்லாம் சொல்லவே வேண்டாம், கேட்டேளா."

கேட்டாள். கேட்டுக்கொண்டு வந்து, ஹெல்ப் டெஸ்க் ஷிஜாவிடம் அந்த இரண்டு வரியைக் காட்டினாள்.

"ஒரு டம்மிப் பேரு போட்டா மதி, அது போதும் சேச்சி," என்றாள் ஷிஜா. "எல்லாரும் அங்ஙனதான் போடும்."

"ரெண்டு வருஷமா அவ பேருதானே இருந்துச்சு? அப்ப யாரும் டம்மி போடச் சொல்லலியே?"

"அது பின்ன... விஜயம் சேச்சியல்லே."

"ஓ. அவ பேருன்னா மணக்கும், என் பேருன்னா நாறுமோ?"

"அய்யோ, நான் அப்படிச் சொன்னேனா! சேச்சி இஷ்டம் போல போடு," என்று கைகூப்பிவிட்டு ஷிஜா நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு சாலைக் கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. விலை கத்துகிறவர்கள் இல்லாத அந்தத் தெரு, பல்செட்டைக் கழற்றி வைத்த வாய் மாதிரி உள்ளே குழிந்திருந்தது. ஜூலை மழை வரலாமா என்று யோசித்துக்கொண்டு தாழ்வாக நின்றது. செண்பகவல்லி குடையை ஊன்றிக்கொண்டு கிழக்கேகோட்டை வரை நடந்தாள். வண்டி இல்லை, பூக்காரி இல்லை, கணபதி கோயில் வாசலில் யாரோ ஒரே ஒருத்தர் ஒரே ஒரு தேங்காய் உடைத்தார், அந்தச் சத்தம் மூடின கடைகளின் மேல் பட்டுப் பட்டு வெகுதூரம் போயிற்று.

வாட்ச்மேன் லிங்கம் கிரில் கேட்டுக்குப் பின்னால் பீடியோடு நின்றார். நாங்குநேரிக்காரர்.

"ஊரே போத்திப் படுத்திருக்கு, உங்களுக்கு மட்டும் என்னம்மா கேடு?"

"பதவி வருது அண்ணாச்சி."

"வரட்டும், வரட்டும். விஜயம் அம்மாவும் இப்பிடித்தான், ஹர்த்தாலுன்னு கூடப் பாக்க மாட்டாவ..."

"கதவத் தொறங்க அண்ணாச்சி."

பத்து மணிக்குப் பழைய சர்வரை அணைத்துப் புதியதை ஏற்றினாள். பழையதிலிருந்து நகலெடுத்த அமைப்பு ஃபைலைத் திறந்தாள். விஜயத்தின் பெயருக்குப் பின்னால் கர்சர் துடித்தது. ஓர் எழுத்து, ஓர் எழுத்தாக அழித்தாள். மொத்தமாக அழித்திருக்கலாம், ஆனால் அதில் இந்த ருசி கிடைக்காது. தன் பெயரை அடித்தாள். தன் பாஸ்வேர்டை அடித்தாள். அதோடு நின்றிருக்கலாம். கழக்கூட்டத்து டைரக்டரிக்குள்ளேயே போய், அங்கே இன்னும் இருந்த விஜயத்தின் பதிவை, பெயர், பதவி, ரத்த வகை, கரமனை வீட்டு விலாசம் எல்லாவற்றையும் சேர்த்து, அழி என்றாள். நிச்சயமாகவா என்று மெஷின் கேட்டது. இவ்வளவு நிச்சயமாக அவள் பெண் பார்க்க வந்தவனுக்குக்கூடத் தலையாட்டியதில்லை.

சோதனைக்குத் தன் லாகினை அடித்தாள். திறந்தது. லாக் ஃபைலில் இரண்டு வரி விழுந்தது. இரண்டிலும் செண்பகவல்லி. கேட்கப் போனவளும் அவள், உள்ளே வந்தவளும் அவள். அந்த வரிகளைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி மூன்று தடவை படித்தாள். கழுத்தின் பின்பக்கம் ஏதோ சில்லென்று தொட்டுப் போனது. ஏசி என்று நினைத்தாள்.

மழை பதினொன்றரைக்குப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது மாடியின் நீள ஹாலில் நூற்றிருபது நாற்காலியும் மேஜைக்குள் வயிற்றை ஒட்டிக்கொண்டு நின்றன; ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரின் நிழல் எதிர்ச்சுவரில் மேலிருந்து கீழாக ஓயாமல் ஊர்ந்தது; மூலையில் தண்ணீர்க் குடுவை அவ்வப்போது ஒரு குமிழை விழுங்கியது; சர்வர் அறையிலிருந்து விசிறிகளின் ஒரே சுருதி, கவனித்தால் கேட்காத, கவனிக்காவிட்டால் கேட்கிற சுருதி. அவள் தோசைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"செண்பகவல்லி."

காதுக்குப் பக்கத்தில். சத்தமாக இல்லை, பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடுகிற மாதிரி, பதில் வரும் என்று தெரிந்த குரல்.

"ம்," என்றாள், தன்னை அறியாமல். திரும்பிப் பார்த்தாள். நாற்காலிகள்.

திரையில் புதிதாக இரண்டு வரி. 11.40, செண்பகவல்லி. 11.40, ஷிஜா. வீட்டிலிருந்து ஷிஜா உள்ளே வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வெறும் வயிறு, ஆளில்லாத ஹால், காது விளையாடும். ஒரு விள்ளல் தோசையை வாயில் வைத்தாள்.

"செண்பகவல்லி."

இந்தத் தடவை அவள் நின்றுகொண்டிருந்தாள். எழுந்தது ஞாபகம் இல்லை. நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்துச் சுழன்றுகொண்டிருந்தது. தோசை தரையில் கிடந்தது. திரையில் மறுபடி இரண்டு வரி: அவள், ஷிஜா.

ஃபோனை எடுத்து நம்பரை அழுத்தினாள். ஷிஜா வீட்டு லைன் பிஸி; இன்டர்நெட்டும் அதே லைனில்தான். நாலாவது தடவை கிடைத்தது.

"ஷிஜா, நீ இப்ப உள்ள வந்தியா?"

"ஆமா சேச்சி. ரெண்டு ரிப்போர்ட்டு பாக்கி உண்டு. மழையில லைன் கட்டாயிட்டே போகுது. அதே கேள்வி."

"எந்தக் கேள்வி?"

"விஜயம் சேச்சியும் இப்படித்தான் ஃபோன் பண்ணிக் கேக்கும். 'நீ இப்ப உள்ள போனியா, நீ இப்ப உள்ள போனியா'ன்னு. கடசி மாசமெல்லாம் தினம் கேட்டுது. ராத்திரி நூறு பேரு டைப் அடிக்கிற நேரத்துல அது வீட்டுல உறங்காதாம். நின்னுட்டே இருக்குமாம்." ஷிஜாவின் குரல் தாழ்ந்தது. "சேச்சிக்கு அறியாதா? செத்ததும் நின்னுட்டேதான். பாத்ரூம் வாசல்ல, நிலையைப் பிடிச்சபடி. விழல. புருஷன் வந்து தொட்டப்பதான் அறிஞ்சுது."

மழை ஃபோன் வயருக்குள்ளும் பெய்கிற மாதிரி இரைந்தது.

"சேச்சி குரல் ஏன் இவ்வளவு தூரத்துல கேக்குது? செரி, நான் வைக்கேன். இன்னும் ஒருக்கா உள்ள போய்..."

"வேண்டாம் ஷிஜா, போகாதே, ஷிஜா..."

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. அவள் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஐம்பது வரை வந்தாள். ஐம்பத்தொன்று சொல்ல வாய் திறந்தபோது மேஜை இல்லை.

கூரை தலையில் தட்டுகிற ஒரு சந்து. இரண்டு தோளும் இரண்டு பக்கச் சுவரில் உரசின. சுவர் ஈரமாக இருந்தது. மழை ஈரம் இல்லை, தூங்குகிறவர் கன்னத்தில் வழிகிற வெதுவெதுப்பான ஈரம். நனைந்த சாக்கும், பல வருஷம் மூடிக்கிடந்த பித்தளை அண்டாவைத் திறந்தால் வெளியே வருகிற காற்றும் கலந்த வாசனை. அப்பாவின் பாத்திரக்கடைக் குடோனில் வளர்ந்த மூக்கு அதைத் தப்பாகச் சொல்லாது. சந்து முடிகிற இடத்தில் இடுப்பளவுக்கு ஒரு கதவு. அதற்கு மேலே இருட்டு. இருட்டுக்குள் யாரோ மூச்சை உள்ளே இழுத்து, விடாமல் வைத்திருந்தார்கள்.

"யாரு?"

ஆணா பெண்ணா சொல்ல முடியாத குரல். அவள் வாய் தானாகப் பெயரைச் சொன்னது. பாஸ்வேர்டையும் சொன்னது.

"விஜயம் எங்கே?"

கை கால் எல்லாம் விறைத்துப் போயிருந்த செண்பகவல்லிக்குள், அந்தப் பொறாமைக் கங்கு மட்டும் அணையாமல் கிடந்தது; இப்போது அது பற்றிக்கொண்டது. இங்கேயுமா? இந்தப் பாழும் சந்தில்கூட அவள்தான் வேண்டுமா?

"அவ இல்ல," என்றாள். "இனிமே நான்தான்."

இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. அதன்மேல் ஈரத்துணி ஒன்று போர்த்தியிருந்தது. துணிக்கு அடியில் அவள் விரல்களைப் பிடித்தது. தெரிந்த பிடி. சந்தையில் பெரிய வியாபாரம் என்றால் மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது என்று. வாயால் ஒரு சொல் கிடையாது. விலை பிடிக்கவில்லையென்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். உருவாமல் விட்டால் பேரம் படிந்தது. அப்பாவின் கடையில் அவள் நூறு தடவை பார்த்தது. பார்த்த பழக்கம் போகுமா? அந்தக் கை எத்தனை விரலால் பிடிக்கிறது, என்ன விலை கேட்கிறது என்று எண்ணினாள். ஐந்து. ஆறு. ஏழு. உள்ளங்கை முழுக்க விரல்கள், இன்னும் வந்துகொண்டிருந்தன. எண்ணி முடிக்கிற முனைப்பில் கையை உருவ மறந்துபோனாள்.

"யாருக்காக?"

"ஷிஜா."

அது அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால், வெகுநேரம் பார்த்தது.

"சரி."

மேஜை. மழை. சுவரில் ஊர்கிற தண்ணீர் நிழல். அந்த லாகினுக்கு லாக் ஃபைல் மூன்று வினாடி என்றது. ஜன்னலுக்கு வெளியே பொழுது நகர்ந்திருந்தது. கடிகாரத்தில் மணி இரண்டு. வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல் நுனிகள் நாளெல்லாம் தண்ணீரில் ஊறியவை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

பதறிப்போய் அமைப்பு ஃபைலைத் திறந்து தன் பெயரை அழித்தாள், இந்தத் தடவை மொத்தமாக. விஜயம் என்று அடித்தாள். அப்படி ஒருவர் இல்லை என்றது கழக்கூட்டம். டைரக்டரிக்குள் போய் விஜயத்தின் பதிவைப் புதிதாக உண்டாக்கினாள்; பெயர், பதவி, ரத்த வகை, விலாசம். பதிவாயிற்று என்றது. தேடினாள். இல்லை. மறுபடி உண்டாக்கினாள். இல்லை. பொம்மைப் பெயர் ஒன்றைப் போட்டாள். அதுவும் பதிவாயிற்று, அதுவும் இல்லை. அமைப்பு ஃபைலுக்குத் திரும்பினால் அவள் அழித்த இடத்தில் அவள் பெயர் இருந்தது, ஒருவரும் தொடாத மாதிரி.

பழைய சர்வரும் விஜயத்தின் பெயரைத்தான் சொல்லும். விஜயத்தை அழித்தது யார்?

மிச்சம் இருந்தது ஒரே வழி. சர்வர் அறைக்குள் போய்ப் புது மெஷினின் பவர் ஒயரைப் பிடித்தாள். உருவினால் முடிந்தது. சாயங்காலம் நூற்றிருபது பேர் வந்து வெற்றுத் திரையைப் பார்த்துத் திட்டுவார்கள், திட்டட்டும். மெஷினின் சூடு கையில் பட்டது. இழுக்கப் போனாள்.

மேஜையில் ஃபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள், மனிதக் குரல் கேட்டால் போதும் என்று இருந்தது.

"என்ன செண்பகம், எல்லாம் ரெடியா?" வெங்கடகிருஷ்ணன். பின்னால் டிவி சத்தம், குக்கர் விசில்.

"சார்... ஒரு பிரச்சினை. இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் சர்வர அணைச்சு வச்சா..."

"அணைச்சா!" குக்கர் இன்னொரு விசில் அடித்தது. "தப்பா எடுத்துக்காதேங்கோ. விஜயம் வாயிலேருந்து இந்த வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை. சரி, விடுங்கோ. எல்லாருக்கும் எல்லாம் முடியுமா? நான் கௌசிக்கைக் கூப்பிட்டுக்கறேன்."

"வேண்டாம் சார்."

"இல்ல, பரவால்லே..."

"வேண்டாம் சார். எல்லாம் ரெடி. ஆறரைக்கு எல்லாரும் உள்ள போயிடுவாங்க."

ஃபோனை வைத்தாள். சர்வர் அறைக் கதவு திறந்தபடி இருந்தது. உள்ளே அந்த ஒயர் தெரிந்தது. ஏழெட்டு அடி. அவள் போகவில்லை. உட்கார்ந்து, கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள். நூற்றிருபது தடவைதானே. விஜயம் தாங்கினாள். நான் தாங்க மாட்டேனா? அவள் இரண்டு வருஷம் தாங்கினாள்.

ஆறு மணிக்கு ஹர்த்தால் முடிந்தது. கீழே முதல் ஷட்டர் ஏறியது, பிறகு அடுத்தது, பிறகு தெரு முழுக்க இரும்பு சத்தம். ஒரு பஸ் ஹாரன். கோயில் வாசலில் தேங்காய்கள், ஒன்று, மூன்று, நிறைய. படிக்கட்டில் காலடிகள். ஈரக்குடைகள். பேச்சு. சிரிப்பு. முல்லைப்பூ வாசனை. ஹாலில் குழல்விளக்குகள் வரிசை வரிசையாகத் துடித்து எரிந்தன.

"என்னக்கா, ஹர்த்தாலுக்கும் லீவு கிடையாதா?" என்று கேட்டுக்கொண்டே ரத்னாபாய் நாற்காலியை இழுத்தாள்.

தொடாதீங்க என்று சொல்ல வேண்டும். கீபோர்டைத் தொடாதீங்க. செண்பகவல்லி சிரித்தாள். "எங்க கிடைக்குது," என்றாள்.

ரத்னாபாய் டைப் அடித்தாள்.

சந்து. கதவு. யாரு. பெயர். யாருக்காக. ரத்னாபாய். சரி.

விளக்கு. முகங்கள். அரை மூச்சு.

சந்து. கதவு. யாரு. யாருக்காக. மங்கலம். சரி.

விளக்கு. அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள்? கால் கனத்தது.

சந்து. கை. துணி. விரல்கள். இசக்கிசெல்வி. சரி.

சந்து. விஜய்குமார். சரி.

சந்து. சந்து. பின்னால் நெருக்கித் தள்ளினார்கள், பெயர்கள் அவள் முதுகில் ஈரக்குடை மாதிரி குத்தின, நாக்கு ஒன்றை முடிக்குமுன் அடுத்தது வாய்க்குள் வந்தது. விளக்கு வரவில்லை. விளக்கு எங்கோ ஒரு நூல் அளவுக்கு இருந்தது. அந்த நூலின் வழியே ஹால் தெரிந்தது, கிணற்றுக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி. நூறு கீபோர்டுகளின் சத்தம், ஓட்டின்மேல் மழை. நடுவில் தன் உருவம் நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் வெங்கடகிருஷ்ணன், வேட்டி நுனி நனைந்து, முகமெல்லாம் சிரிப்பு.

"பேஷ்! ஒருத்தர் பாக்கியில்லாம உள்ள போயாச்சே! சொல்றேன் செண்பகம், விஜயத்தைவிட நீங்கதான்..."

கேட்டுவிட்டாள். ஐந்து மாதமாக, அதற்கு முன்னால் மூன்று வருஷமாக, யார் வாயிலிருந்தாவது வராதா என்று காத்த சொல். பித்தளைக்குள் சொன்ன மாதிரி ரீங்கரித்துக்கொண்டு வந்தது. பதில் சொல்லத் திரும்பினாள்.

கை விடவில்லை.

விரல்கள் மணிக்கட்டைத் தாண்டி ஏறியிருந்தன. முழங்கை. தோள்.

இடுப்பளவுக் கதவு உள்பக்கமாகத் திறந்தது.

உள்ளே பெண்கள். தோளோடு தோள். சுவரைப் பார்த்து. எல்லோரும் நின்றபடி, எல்லோருடைய உதடும் அசைந்தபடி, பெயர், பெயர், பெயர். உட்கார ஓர் இடம் இல்லை.

வரிசையின் கடைசியில் நின்றவளின் பாதங்கள் வீங்கி, பட்டை தசைக்குள் புதைந்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு ஆள் அகலத்துக்கு நகர்ந்து, இடம் விட்டாள்.